குண்டின் நீளமும் குழலின் முறுக்கும்

ஒருவர் தமக்கென்று தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிய துப்பாக்கியால் 200 கஜ தூரத்தில் இருக்கும் இலக்கு அட்டையைச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையை அருகில் கொண்டுவந்து பார்த்தால் வட்டமான துளைகளைக் காணோம். நீண்ட கிழிசல்கள்தான் இருக்கின்றன. சில இடங்களில் ஒரு குண்டின் முழுப் பக்கவாட்டு உருவமே அச்சடித்ததுபோல் பதிந்திருக்கிறது. பத்துக் குண்டுகளில் நான்கு அட்டையிலேயே படவில்லை.

சுட்டவரின் கை நடுங்கவில்லை. துப்பாக்கியில் பழுது இல்லை. தோட்டாக்களும் நல்ல தோட்டாக்கள்தான். ஆனாலும் குண்டுகள் மூக்கை முன்னே நீட்டிப் பறக்காமல், குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போய்ப் பக்கவாட்டில் மோதியிருக்கின்றன. அமெரிக்காவில் துப்பாக்கி சுடுபவர்கள் இத்தகைய துளையைச் ‘சாவித்துவாரம்’ என்று அழைக்கிறார்கள். குழலும் குண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதற்கு அது அடையாளம். குழலை மாற்றினால் ஒழிய அந்தக் குண்டை அந்தத் துப்பாக்கியில் பயன்படுத்த முடியாது.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே, துப்பாக்கி செய்யச் சொல்லி வாங்கும் வேலை நம்மில் அநேகமாக எவருக்கும் வரப்போவதில்லை. ஆனால், அந்த அமெரிக்கர் குழலைத் தேர்ந்தெடுக்கும்போது போட வேண்டிய கணக்கு நம் படிவம் நான்கு மாணவர்களுக்கும் எட்டக்கூடிய இயற்பியல்தான். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பூப்பந்தும் பம்பரமும்

பூப்பந்து ஆட்டத்தில் அடிக்கும் இறகுப் பந்தை எப்படி அடித்தாலும் அது தக்கை முன்னே, இறகு பின்னே என்று திரும்பிக்கொள்கிறது. காரணம் எளிது. எடை முழுவதும் முன்னால் தக்கையில் இருக்கிறது. காற்றின் தடை பின்னால் இறகில் விழுகிறது. பந்து சற்றுத் திரும்பினாலும் காற்று இறகைப் பின்னுக்குத் தள்ளி அதை நேராக்கிவிடுகிறது. வில்லில் இருந்து கிளம்பும் அம்புக்கும் இதே கதைதான்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கிய நம் நாட்டு வீராங்கனை நூர் சுர்யானி பயன்படுத்திய காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டும் ஓரளவு இறகுப் பந்தைப் போன்றதே. அதற்கு இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து உள்ளே குடைவாக இருக்கும். அதனால் காற்றே அதை நேராகப் பிடித்துக்கொள்ள உதவுகிறது.

வெடிமருந்தால் சுடும் கூர்முனைக் குண்டு இதற்கு நேர் எதிர். அதன் மூக்கு மெலிந்து இலேசாக இருக்கும். எடை பின்பாதியில் இருக்கும். ஆகவே, காற்றின் அழுத்தம் குண்டின் எடை மையத்துக்கு முன்னால் செயல்படுகிறது. மூக்கு ஒரு நூலளவு விலகினாலும் காற்று அதை மேலும் விலக்கவே பார்க்கும். அப்படியே விட்டால் குண்டு கவிழ்ந்துவிடும்.

இங்கேதான் பம்பரம் வருகிறது. கிளந்தானில் சுற்றப்படும் பெரிய காசிங் பம்பரங்கள் ஏறத்தாழ 5 கிலோ எடை உள்ளவை. சுழலாத பம்பரம் ஆணியின்மேல் ஒரு நொடிகூட நிற்காது. சுழல்கிற பம்பரமோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நிற்கும். புவியீர்ப்பு அதைச் சாய்க்கப் பார்க்கும்போது, அது விழுவதற்குப் பதிலாகத் தலையை மெல்ல வட்டமிட்டு ஆட்டுகிறது. குண்டுக்குப் புவியீர்ப்பின் இடத்தில் காற்று இருக்கிறது. போதிய வேகத்தில் சுழன்றால் அதன் மூக்கும் கவிழாமல் சிறு வட்டமிட்டபடியே முன்னேறும்.

முறுக்கு என்றால் என்ன?

குண்டைச் சுழலவைப்பது குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள் பள்ளங்கள். குண்டு அவற்றில் இறுகிப் பிடித்தபடி முன்னேறும்போது, மரையாணியைப்போல் சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்குக் குண்டு குழலுக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதே ‘முறுக்கு’. 12 அங்குல முறுக்கு என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 7 அங்குல முறுக்கு என்றால் 7 அங்குலத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். எண் சிறியதாக இருந்தால் முறுக்கு கடியது, சுழற்சி அதிகம் என்று பொருள்.

வினாடிக்கு 990 மீட்டர் வேகத்தில் 12 அங்குல முறுக்குள்ள குழலைவிட்டு வெளியேறும் குண்டு எவ்வளவு வேகமாகச் சுழலும்? 12 அங்குலம் என்பது 0.3048 மீட்டர். 990ஐ அதனால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 3,250 சுற்று. நிமிடத்துக்கு 195,000 சுற்று. நாம் ஓட்டும் காரின் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தொட்டாலே அலறத் தொடங்கிவிடும்.

சரியான முறுக்கு எது என்பதைச் சோதனை வழியாகத் தேடியவர்களில் முக்கியமானவர் மரையாணிகளுக்குப் பொது அளவு வகுத்த ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த். 1850களில் பிரிட்டிஷ் ராணுவத்தின் எண்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் 0.577 அங்குலம், முறுக்கு 78 அங்குலம். 1857ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சியோடு நாம் வரலாற்றில் படிக்கும் துப்பாக்கி அதுதான். விட்வொர்த் தம் குழலை 0.451 அங்குலமாகக் குறுக்கி, முறுக்கை 20 அங்குலமாகக் கடிதாக்கினார். மெல்லிய, நீண்ட குண்டை அதில் சுட்டார். தொலைதூரத்தில் எண்ஃபீல்டு அதன் அருகில்கூட வர முடியவில்லை. நீளமான குண்டு காற்றை எளிதில் கிழித்துச் செல்லும், ஆனால் அதற்குக் கடிய முறுக்கு வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

கிரீன்ஹில் தந்த சூத்திரம்

1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் இதை ஒரு சூத்திரமாக்கினார். அவர் லண்டனை அடுத்த வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்தவர். அவருடைய விதி இது:

முறுக்கு = 150 × விட்டம் × விட்டம் ÷ நீளம்

விட்டமும் நீளமும் குண்டினுடையவை. எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் போட்டால் விடையும் மில்லிமீட்டரில் கிடைக்கும். வேகம் வினாடிக்கு 850 மீட்டரைத் தாண்டினால் 150க்குப் பதில் 180 போடுவது வழக்கம். ஈய உள்ளீடு கொண்ட குண்டுகளுக்கு இது இன்றும் உதவும்.

இந்தச் சூத்திரத்தில் எடை என்ற சொல்லே இல்லை. கடைகளில் குண்டுகளை எடையைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதனால் கனமான குண்டுக்குக் கடிய முறுக்கு வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் முறுக்கைத் தீர்மானிப்பது நீளம். ஒரே விட்டத்தில் எடையைக் கூட்ட வேண்டுமானால் குண்டை நீட்டியே ஆக வேண்டும் என்பதால்தான் எடைக்கும் முறுக்குக்கும் தொடர்பு இருப்பதுபோல் தோன்றுகிறது.

0.224 அங்குலம், அதாவது 5.69 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளை எடுத்துக்கொள்வோம். விட்டத்தின் இருபடி 32.4. அதை 180ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5,830. 18.8 மில்லிமீட்டர் நீளக் குண்டுக்கு 5,830 ÷ 18.8 = 310 மில்லிமீட்டர், அதாவது சுமார் 12 அங்குலம். 25.3 மில்லிமீட்டர் நீளக் குண்டுக்கு 230 மில்லிமீட்டர், அதாவது சுமார் 9 அங்குலம். நீளம் 6.5 மில்லிமீட்டர் கூடியதற்கே முறுக்கு 3 அங்குலம் மாறிவிட்டது.

நிலைப்பு எண்

கிரீன்ஹில் சூத்திரம் ஒரே ஒரு விடையைத் தரும். எவ்வளவு பாதுகாப்பான தூரத்தில் நிற்கிறோம் என்பதை அது சொல்லாது. அதற்கு இன்று பயன்படுவது ‘நிலைப்பு எண்’. சுழற்சி குண்டை நிமிர்த்தி வைக்கும் வலிமையைக் காற்று அதைக் கவிழ்க்கும் வலிமையோடு ஒப்பிடும் எண் அது. 1க்குக் கீழே போனால் குண்டு கவிழும். 1க்குச் சற்று மேலே இருந்தால் தள்ளாடும். 1.4 அல்லது 1.5 இருந்தால் நம்பலாம்.

இந்த எண்ணை எளிதாகக் கணக்கிட டான் மில்லர் என்பவர் 2005இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முறுக்கின் நீளத்தைப் பாதியாக்கினால் நிலைப்பு எண் நான்கு மடங்காகும். குண்டின் நீளம் கூடினால் அது மிக வேகமாகக் குறையும். காற்றின் அடர்த்தி கூடினாலும் குறையும்.

0.224 அங்குல விட்டமுள்ள நான்கு குண்டுகளுக்கு, 15 டிகிரி செல்சியஸில் கடல் மட்டக் காற்றில் கிடைக்கும் விடைகளைத் தோராயமாகக் கீழே தந்துள்ளோம். கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் பழைய அளவு. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம்.

55 கிரெய்ன், 18.8 மி.மீ.: 14 அங்குல முறுக்கில் 1.0, 12இல் 1.4, 9இல் 2.4, 8இல் 3.1, 7இல் 4.0
69 கிரெய்ன், 22.9 மி.மீ.: 14இல் 0.7, 12இல் 0.95, 9இல் 1.7, 8இல் 2.1, 7இல் 2.8
77 கிரெய்ன், 25.3 மி.மீ.: 14இல் 0.6, 12இல் 0.8, 9இல் 1.4, 8இல் 1.7, 7இல் 2.3
80 கிரெய்ன், 27.2 மி.மீ.: 14இல் 0.5, 12இல் 0.65, 9இல் 1.15, 8இல் 1.45, 7இல் 1.9

தொடக்கத்தில் நாம் பார்த்த அட்டையில் என்ன நடந்தது என்பது இப்போது விளங்கும். 12 அங்குல முறுக்குள்ள குழலில் 77 கிரெய்ன் குண்டைப் போட்டுச் சுட்டால் நிலைப்பு எண் 0.8. சாவித்துவாரம் விழத்தான் செய்யும்.

குளிரில் தடுமாறிய துப்பாக்கி

பட்டியலின் முதல் வரியில் 14 அங்குல முறுக்குக்கு எதிரே 1.0 என்று இருப்பதைக் கவனியுங்கள். பின்னாளில் எம்-16 என்று பெயர்பெற்ற ஏஆர்-15 துப்பாக்கி முதலில் அந்த முறுக்கோடுதான் வடிவமைக்கப்பட்டது. குண்டும் அதே 55 கிரெய்ன்தான். மிதமான வெயிலில் அது ஒழுங்காகவே சுட்டது.

அமெரிக்க ராணுவத்துக்கோ ஆர்க்டிக் குளிரிலும் சுடக்கூடிய துப்பாக்கி தேவை. அவர்கள் வைத்த அளவுகோல் மைனஸ் 65 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 54 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடிவிடும். 1.0ஐ 1.3ஆல் வகுத்தால் 0.77. குண்டு நிலைகொள்ளாது. கடுங்குளிர்ச் சோதனைகளில் துல்லியம் குறைவதாகப் புகார் எழுந்ததைத் தொடர்ந்து 1963இல் முறுக்கு 12 அங்குலமாக மாற்றப்பட்டது. இப்போது அதே கணக்கைப் போடுங்கள்: 1.4 ÷ 1.3 = 1.08. விளிம்புதான் என்றாலும் குண்டு கவிழாது.

நம் ஊர் வெயிலில் இதற்கு நேர்மாறு. 32 டிகிரியில் காற்று சுமார் 6 விழுக்காடு இலேசாக இருப்பதால் நிலைப்பு எண் சற்றுக் கூடும். கோலாலம்பூரில் சரியாகச் சுடும் குழல் அலாஸ்காவில் தவறலாம். ஆகவே, குழலைத் தேர்ந்தெடுப்பவர் தாம் சுடப்போகும் இடங்களிலேயே மிகக் குளிரான இடத்துக்குக் கணக்குப் போட வேண்டும்.

1980இல் நேட்டோ நாடுகள் எஸ்.எஸ்.109 என்ற குண்டைப் பொதுவாக ஏற்றபோது முறுக்கு மறுபடியும் மாறியது. அது 62 கிரெய்ன் குண்டு. முனையில் ஈயத்துக்குப் பதில் எஃகுத் துண்டு இருப்பதால், எடைக்கு மீறிய நீளம். அதனுடன் சுடப்படும் ஒளிரும் குண்டு அதைவிடவும் நீளம். எனவே எம்-16ஏ2 துப்பாக்கிக்கு 7 அங்குல முறுக்கு வைத்தார்கள். இங்கும் முடிவு செய்தது நீளமே.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இனி, தனித் துப்பாக்கி செய்யச் சொல்லும் அமெரிக்கரிடம் திரும்புவோம். ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரி திடலில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. அவற்றில் 200, 300, 600 கஜ தூரங்களில் சுட வேண்டும். அதற்குத்தான் அவர் தயாராகிறார்.

பலரும் முதலில் தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, பிறகு குழலை வாங்கி, கடைசியில் குண்டைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். தூரம் குண்டைத் தீர்மானிக்கிறது. குண்டு முறுக்கைத் தீர்மானிக்கிறது. அதன் பிறகே தோட்டா.

600 கஜம் என்பது ஏறத்தாழ 550 மீட்டர். அவ்வளவு தூரத்தில் முதல் எதிரி பக்கக் காற்று. நீளமான, கனமான குண்டு வேகத்தை மெதுவாகவே இழப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. ஆகவே, அவருக்கு 77 அல்லது 80 கிரெய்ன் குண்டு வேண்டும். பட்டியலைப் பாருங்கள். 9 அங்குலம் 80 கிரெய்னுக்குப் போதாது. 8 அங்குலம் இரண்டுக்கும் போதும். குளிர் காலத்திலும் 80 கிரெய்ன் சுடுவதானால் 7 அங்குலம் நல்லது.

இப்போது தோட்டா. ஒரே 0.224 அங்குலக் குண்டை ஏற்கும் தோட்டாக்கள் பல உண்டு. 1964இல் சந்தைக்கு வந்த .223 ரெமிங்டன் சிறியது. 1965இல் வந்த .22-250 ரெமிங்டன் பெரிய பித்தளைக் கூட்டில் கூடுதல் வெடிமருந்தை அடைத்து அதிக வேகம் தரும். வேகம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், .22-250க்குத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் 14 அங்குல முறுக்கையே வைத்தன. வயல்வெளியில் சிறு விலங்குகளைச் சுடும் குட்டையான குண்டுகளுக்காகச் செய்யப்பட்டது அது. அந்தக் குழலில் 77 கிரெய்ன் குண்டைப் போட்டால், எவ்வளவு வெடிமருந்து அடைத்தாலும் அது நிலைகொள்ளாது. வேகம் நிலைப்பு எண்ணைச் சற்றே உயர்த்தும். முறுக்கு அதை இருபடியில் உயர்த்தும்.

கடிய முறுக்கில் .22-250 குழல் செய்யச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் அதே குறுகிய துளை வழியாக அதிக வெடிமருந்தின் வெப்பம் பாய்வதால் குழலின் தொண்டைப் பகுதி விரைவில் அரித்துப்போகும். ஒரு பருவத்தில் பல்லாயிரம் தோட்டா சுடும் போட்டியாளருக்கு அது கட்டுப்படியாகாது. .223 அவருக்குப் போதும். பின்னுதையும் குறைவு, தோட்டாவும் மலிவு.

குழலுக்குள் தோட்டா அமரும் அறையையும் குண்டுக்கு ஏற்பக் குடைய வேண்டும். ஏஆர்-15 வகைப் பெட்டியில் ஏறத்தாழ 57.4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தோட்டா நுழையாது. 77 கிரெய்ன் குண்டை அந்த அளவுக்குள் அடக்கிவிடலாம். 80 கிரெய்ன் குண்டைத் துருத்தியவாறு பொருத்த வேண்டியிருப்பதால், 600 கஜ தூரத்தில் அதை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுவார்கள். அதற்கேற்ப அறையின் முன்பகுதி நீளமாக இருக்க வேண்டும். இதைத் துப்பாக்கி செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், முறுக்கு சரியாக இருந்தும் குண்டு உள்ளே அமராது.

முறுக்கு அதிகமானால் கெடுதலா?

குறைவான முறுக்கு குண்டைக் கவிழ்க்கும் என்றால், எல்லாருக்கும் 7 அங்குலம் வைத்துவிடலாமே? இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, எந்தக் குண்டும் நூறு விழுக்காடு சமச்சீராக இருப்பதில்லை. செப்பு உறை ஒரு பக்கம் மயிரளவு தடித்திருந்தாலும், சுழற்சி கூடக்கூட அந்தக் குறை பெரிதாகும். சமன் செய்யாத கார் சக்கரம் நெடுஞ்சாலையில் அதிர்வதைப் போன்றது அது. இரண்டு, சிறு விலங்குகளுக்கான மெல்லிய உறைக் குண்டுகள் நிமிடத்துக்கு 300,000 சுற்றைத் தாண்டினால் காற்றிலேயே சிதறிப்போவதுண்டு. அட்டையில் துளையே விழாது. சாம்பல் நிறப் புகைக் கோடு மட்டும் தெரியும்.

ஆயினும், குறைவான முறுக்கால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிது. நல்ல தரமான குண்டுகளைச் சுடுபவர் சற்றுக் கடிய முறுக்கின் பக்கம் சாய்வதே அறிவு. இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. ஈயம் கலந்த இறைச்சியைத் தின்று கழுகுகள் சாவதால், கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளைத் தடை செய்துவிட்டது. மாற்றாக வந்தவை செப்புக் குண்டுகள். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9க்குச் சற்றுக் குறைவு. ஆகவே, அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாகிறது. பழைய 12, 14 அங்குல முறுக்குள்ள குழல்கள் பல, முன்பு சுட்ட அதே எடையுள்ள குண்டைச் செம்பில் சுட முடியாமல் நிற்கின்றன. எடையை மட்டும் பார்த்துக் குழல் வாங்கியவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் பயன்படுவது .22 லாங் ரைஃபிள் என்ற சிறு தோட்டா. அதன் ஈயக் குண்டு ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர் விட்டமும் 12 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டியிருப்பதால் 150 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை அங்குல முறுக்கு வேண்டும்?

விடை: 150 × 5.7 × 5.7 ÷ 12 = 406 மில்லிமீட்டர். அதை 25.4ஆல் வகுத்தால் 16 அங்குலம். உலகெங்கும் .22 லாங் ரைஃபிள் குழல்களில் வழக்கமாக வெட்டப்படும் முறுக்கும் 16 அங்குலமே. தாளும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு கிரீன்ஹில் 1879இல் எழுதிய ஒரு வரி இன்றும் பிசகவில்லை.